பெனோலா லாயத்தில் தொடங்கிய பள்ளி: ஒரு கத்தோலிக்க மரபு எதில் தங்குகிறது?

ஆஸ்திரேலியாவில் பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கிறார். அங்குள்ள கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிகள் பலவற்றின் வரவேற்பறைச் சுவரில் ஒரே பெண்ணின், புனித மேரி மக்கிலப்பின், படம் தொங்கும். துறவற அங்கி, மார்பில் சிலுவை, நேரான பார்வை. பக்கத்தில் பரிவு, நீதி, பணி, மரியாதை என்று நாலைந்து சொற்கள் பெரிய எழுத்தில் இருக்கும். விளையாட்டு விழாவன்று பிள்ளைகள் மக்கிலப் அணி, வுட்ஸ் அணி என்று பிரிந்து தொண்டை கிழியக் கத்துவார்கள். அவர் இறந்த நாளான ஆகஸ்ட் 8 வந்தால் திருப்பலி, அப்புறம் ஏதாவது ஒரு நிதி திரட்டல்.

அந்தப் பெண் தொடங்கிய சபையின் சகோதரி ஒருவரை வகுப்பறையில் பார்ப்பதுதான் இன்று அரிது. தலைமையாசிரியர், ஆசிரியர்கள், அலுவலகத்தார் எல்லாரும் பொதுநிலையினர், அதாவது குருக்களோ துறவிகளோ அல்லாதவர்கள். பிள்ளைகளிலும் மூன்றில் ஒருவராவது கத்தோலிக்கர் அல்லாதவர். மேற்குச் சிட்னிப் பள்ளிகளின் வருகைப் பதிவேட்டில் இந்துத் தமிழ்ப் பெயர்களும் உண்டு. அப்படியானால் 'எங்கள் மரபு', 'எங்கள் விழுமியங்கள்' என்று அந்தப் பள்ளி சொல்வது எதை?

இந்த ஆய்வு ஒரே ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்கிறது. 1866-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் பெனோலா என்ற சிற்றூரில் தொடங்கிய பள்ளியும், அதிலிருந்து கிளைத்த சூசையப்பர் (புனித யோசேப்பு) சபைப் பள்ளிகளும்தான் பொருள். சுவரிலுள்ள சொற்களை ஓரமாக வைத்துவிடுகிறேன். அவற்றை எந்தப் பள்ளியும் எழுதிக்கொள்ளலாம், எழுதுவதற்குச் செலவும் இல்லை. இந்த மரபில் எங்கெங்கே சண்டை வந்தது, எதற்காக அடி வாங்கினார்கள், எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று பார்த்தால் விழுமியம் கொஞ்சம் கையில் பிடிபடுகிறது.

லாயம்

மேரி மக்கிலப் 1842 ஜனவரி 15 அன்று மெல்பர்னின் ஃபிட்ஸ்ராய் பகுதியில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள். எட்டுப் பிள்ளைகளில் இவர் மூத்தவர். தகப்பனார் படித்த மனிதர், ஆனால் அவர் கையில் காசு தங்காது. உறவினர் தயவில் நாள் கடத்தும் நிலை குடும்பத்துக்கு அடிக்கடி வந்தது. பதின்ம வயதிலேயே மேரி எழுதுபொருள் நிறுவனம் ஒன்றில் வேலைக்குப் போய்விட்டார். 1860-இல் பெனோலாவில் பண்ணை வைத்திருந்த உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போனவர், பண்ணையிலிருந்த மற்றப் பிள்ளைகளையும் கூடவே உட்காரவைத்துக்கொண்டார்.

அங்கேதான் பங்குத்தந்தை ஜூலியன் டெனிசன் வுட்ஸ் அறிமுகமாகிறார். லண்டன்காரர், நிலவியலிலும் இயற்கை அறிவியலிலும் தேர்ந்தவர். பின்னாளில், 1888-இல், நியூ சவுத் வேல்ஸ் ராயல் சொசைட்டியின் கிளார்க் பதக்கம் பெற்றவர். அவருடைய பங்கின், அதாவது அவர் பொறுப்பிலிருந்த கோயில் வட்டாரத்தின், பரப்பு 50,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். குதிரையேறி அதைச் சுற்றிவந்தபோது அவர் கண்ணில் பட்டதெல்லாம் எழுத்து தெரியாத பிள்ளைகள்தான். தெற்கு ஆஸ்திரேலியா 1851-லேயே மதக் குழுக்களுக்கான அரசு மானியத்தை நிறுத்திவிட்ட குடியேற்றம். கோயிலுக்கும் இல்லை, கோயில் பள்ளிக்கும் இல்லை. ஐரோப்பாவிலிருந்து ஒரு துறவற சபையை வரவழைக்கலாம் என்றால், அவர்களுக்கு மடம் கட்டித்தர யாரிடமும் பணம் இல்லை.

1866 ஜனவரியில் மேரி தங்கைகள் இருவருடன் பெனோலாவுக்குத் திரும்பினார். தம்பி ஜான் பழைய குதிரை லாயம் ஒன்றை ஒழுங்குபண்ணிக் கொடுத்தார். அதில் சுமார் 50 பிள்ளைகளுடன் பள்ளி தொடங்கியது. மார்ச் 19, சூசையப்பர் திருநாளன்று மேரி எளிய கறுப்பு உடை உடுத்தி, இனி இதுதான் வாழ்க்கை என்று காட்டினார். அடுத்த ஆண்டே ஊரில் கல்லால் பள்ளிக்கட்டடம் எழுந்தது. அது இன்றும் நிற்கிறது.

லாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளி நாடகங்களில் இந்த லாயத்தைப் பெத்லகேம் தொழுவம் ஆக்கிவிடுவது சுலபம். உண்மையில் அது சிக்கனக் கணக்கு. வாடகைக்குக் கிடைத்ததில், செப்பனிட முடிந்ததில் தொடங்கினார்கள். இந்தச் சிக்கனம்தான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் வழிவிட்டது. கட்டடம் எழும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்றான பிறகு, எந்தக் குக்கிராமத்திலும் பள்ளி திறக்கலாம் அல்லவா?

எழுதிவைத்த விதி

1867-இல் மேரி அடிலெய்டு வந்து சேர்ந்தார். வுட்ஸ் அதற்குள் மறைமாவட்டத்தின் (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், ஆட்சிப் பகுதி) கல்விப் பொறுப்பாளர் ஆகியிருந்தார். சபைக்கு அவர் எழுதிய வாழ்க்கை விதியை ஆயர் லாரன்ஸ் ஷீல் 1868 டிசம்பரில் ஏற்றுக்கொண்டார். அதிலிருந்த சில ஏற்பாடுகளை இன்று படிக்கும்போது சாதாரணமாகத் தோன்றும். அன்றைக்கு ஒவ்வொன்றும் வம்புக்குரியது.

கட்டணம் கொடுக்க முடிந்தவர் கொடுக்கலாம். முடியாதவர் பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது. குறைகிற பணத்துக்குச் சகோதரிகள் வீடு வீடாகப் போய்ப் பிச்சை கேட்டார்கள். அழகுபடுத்திச் சொல்ல வேண்டாம், பிச்சைதான்.

சகோதரிகளுக்குள் மேல்தட்டு கீழ்த்தட்டு கிடையாது. ஐரோப்பிய மடங்களில் அப்போது இரண்டு வகைக் கன்னியர் இருந்தார்கள். படிப்பும் சீதனமும் கொண்டுவந்தவர்கள் ஒரு வகை, பாடவும் பாடம் நடத்தவும் அவர்கள். சமையல், துவைத்தல், கூட்டிப் பெருக்கல் எல்லாம் ஏழை வீட்டுப் பெண்களாக வந்த இன்னொரு வகைக்கு. பெனோலா சபை அந்தக் கோட்டை அழித்துவிட்டது. பாடம் நடத்துகிறவர்தான் அடுப்பும் ஊதினார்.

பெரிய மடங்களும் கிடையாது. இரண்டு பேர், மூன்று பேராகச் சிறு வீடுகளில், ஊர்க்காரர் இருக்கிற மாதிரியே இருந்தார்கள். தினமும் திருப்பலி கிடைக்காத இடங்களுக்கும் போனார்கள். அன்றைய துறவற ஒழுங்கில் இது கொஞ்சம் அதிர்ச்சியான விஷயம்.

பியானோ விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. அக்கால மடப் பள்ளிகளுக்கு இசை வகுப்பு நல்ல வருமானம். வசதியுள்ள வீட்டுப் பெண்களுக்கு பியானோ சொல்லிக்கொடுத்து அந்தக் காசில் மடம் நடத்துவது வழக்கம். சூசையப்பர் சபை தொடக்கத்தில் அதைத் தவிர்த்தது. பியானோ வந்தால் பியானோ வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளை முன்வரிசைக்கு வந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு, மறைக்கல்வி, பெண்பிள்ளைகளுக்குத் தையல் என்று நிறுத்திக்கொண்டார்கள். இன்றைய பார்வையில் குறுகலான பாடத்திட்டம்தான். ஆனால் யாருக்காக இந்தப் பள்ளி என்ற கேள்விக்குப் பாடத்திட்டத்தாலேயே பதில் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியாக, மிகப் பெரிய வம்பு: சபை தன் தலைவியின் கீழ் இருக்கும். எந்தச் சகோதரி எந்த ஊருக்குப் போவது, எந்தப் பள்ளி எப்படி நடப்பது என்பதை உள்ளூர்ப் பங்குத்தந்தையோ அந்தந்த மறைமாவட்ட ஆயரோ தீர்மானிக்க மாட்டார்.

1871 வாக்கில் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் குயின்ஸ்லாந்திலும் சுமார் 130 சகோதரிகள், 40-க்கும் மேற்பட்ட பள்ளிகளையும் அறநிலையங்களையும் நடத்திக்கொண்டிருந்தார்கள். லாயத்துக்கும் இந்த எண்ணிக்கைக்கும் நடுவே ஐந்தே ஆண்டுகள்.

1871 செப்டம்பர் 22

வளர்ந்த வேகத்தில் ஓட்டைகளும் விழுந்தன, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. வுட்ஸுக்குக் கணக்குவழக்கு வராது. கடன் ஏறிக்கொண்டே போனது. சகோதரிகள் சிலருக்கு ஆசிரியப் பயிற்சி போதாது என்று குருக்கள் முணுமுணுத்தார்கள், அதில் உண்மையும் இருந்தது. காட்சி கண்டதாகச் சொன்ன சகோதரிகள் இருவரை வுட்ஸ் நம்பிவிட்டதும் சபையின் பெயரைக் கெடுத்தது. எதிர்ப்பு முழுவதும் பொறாமை என்று கதை சொன்னால் பாதி ஆவணங்களைக் கிழித்துப்போட வேண்டியிருக்கும்.

இன்னொரு சரடும் உண்டு. 1870-இல் கபுண்டா பங்கில் குரு ஒருவர் பிள்ளைகளிடம் முறைகேடாக நடந்துகொள்கிறார் என்பது சகோதரிகளுக்குத் தெரிய வந்தது. வுட்ஸிடம் சொன்னார்கள். அவர் அதை மேலிடத்துக்குக் கொண்டுபோனார். அந்தக் குரு நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். அவரோடு அதே பங்கில் பணியாற்றிய நண்பர் ஒருவர் பிறகு ஆயருக்கு மிக நெருக்கமான பொறுப்புக்கு வந்தார். சபைமேல் விழுந்த அடிக்கு அந்த மனக்கசப்பும் ஒரு காரணம் என்று வரலாற்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து திரும்பியிருந்த ஆயர் ஷீல், விதியைத் திருத்தச் சொன்னார். சகோதரிகள் இரண்டு வகையாகப் பிரியட்டும், ஒவ்வொரு மடமும் உள்ளூர்ப் பங்குத்தந்தையின்கீழ் வரட்டும் என்பது அவர் கட்டளை. அதாவது, பெனோலா சபையைப் பெனோலா சபையாக வைத்திருந்த இரண்டு விஷயங்கள்மேலும் ஒரே நேரத்தில் கை வைத்தார். மேரி மறுக்கவில்லை, பணியவும் இல்லை. நான் சேர்ந்த விதியில் இருக்கிறேன், அது மாறினால் எனக்கு இதில் இடமில்லை என்ற நிலையில் நின்றார்.

1871 செப்டம்பர் 22 காலை, அடிலெய்டு மடத்துச் சிற்றாலயத்தில், சகோதரிகள் பார்த்துக்கொண்டிருக்க, ஆயர் தலைப்பாகையும் செங்கோலுமாக வந்து அவரை முழந்தாளிட வைத்துத் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்தார். காரணம், கீழ்ப்படியாமை. மேரிக்கு வயது 29. அவரோடு யாரும் பேசக்கூடாது என்றும் உத்தரவு. பள்ளிகள் பல மூடப்பட்டன. சகோதரிகள் பலர் அங்கியைக் கழற்றிவிட்டு நடுத்தெருவுக்கு வந்தார்கள்.

அந்த நேரத்தில் வீடு கொடுத்தவர் இம்மானுவேல் சாலமன் என்ற யூத வணிகர். நற்கருணை (திருப்பலியில் தரும் அப்பம்) கொடுத்தவர்கள் இயேசு சபைக் குருக்கள், அந்த விலக்கம் செல்லாது என்பது அவர்கள் கணிப்பு. ஐந்து மாதம் கழித்து, 1872 பிப்ரவரி 23 அன்று விலக்கம் நீக்கப்பட்டது. ஆயர் அப்போது மரணப் படுக்கையில் இருந்தார், மார்ச் 1 அன்று இறந்தார். தொடர்ந்து வந்த ஆயர்கள் விசாரணை மேரிமேல் குற்றமில்லை என்று முடித்தது.

ஒரு பள்ளிச் சமூகம் இந்த நிகழ்வை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது என்பதை வைத்தே அந்தப் பள்ளியைப் பற்றிச் சிலது தெரிந்துகொள்ளலாம். 'அன்னை மேரி துன்பத்தைப் பொறுமையாகத் தாங்கினார், யாரையும் கடிந்து பேசவில்லை' என்று சொல்வது ஒரு வழி. அது பொய் இல்லை. ஆனால் கேட்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு, பெரியவர் திட்டினால் வாயை மூடிக்கொண்டிரு என்று அது போய்ச் சேரக்கூடும். என்ன கேட்டார்கள், ஏன் இவர் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் கதையே வேறு. கபுண்டாப் பகுதியோ 2010-இல், புனிதர் பட்டம் கொடுத்த ஆண்டில்தான், ஊடகங்கள் வழியே பரவலாக வெளியே வந்தது. ஏறத்தாழ 140 ஆண்டுகள்.

விட்டுக்கொடுத்தது எது?

1873-இல் மேரி ரோமுக்குப் போனார். திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதரைச் சந்தித்தார். ரோம் இரண்டு விஷயத்தில் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னது. சபை தன் தலைவியின்கீழ் ஒரே அமைப்பாக இருக்கலாம், சரி. ஆனால் சபைக்குச் சொத்தே கூடாது என்று வுட்ஸ் எழுதிய விதி நடைமுறைக்கு ஒவ்வாது, சொத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. மேரி ஏற்றுக்கொண்டார். வுட்ஸால் அதைப் பொறுக்க முடியவில்லை. இருவருக்கும் இடையே விழுந்த விரிசல் கடைசிவரை சரியாக ஒட்டவில்லை. 1889-இல் சிட்னியில் அவர் இறந்தார். இன்றைய பள்ளிகளில் அணிப்பெயராக இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

நியூ சவுத் வேல்ஸின் பாத்தர்ஸ்ட் மறைமாவட்டத்தில் வேறு கதை. 1872-இல் அங்கே பெர்த்வில்லில் சகோதரிகள் பள்ளி திறந்தார்கள். சகோதரிகள் தன் கீழ் இருக்க வேண்டும் என்று ஆயர் மத்தேயு குவின் நிற்க, 1876-இல் சபை இரண்டாகப் பிரிந்தது. அங்கி நிறத்தை வைத்து மேரி பக்கத்தாரைப் பழுப்புச் சூசையப்பர் சகோதரிகள், ஆயர் பக்கத்தாரைக் கறுப்புச் சூசையப்பர் சகோதரிகள் என்று சனங்கள் அழைத்தார்கள். கறுப்புக் கிளை ஆஸ்திரேலியாவில் கோல்பர்ன், லாக்கின்வர், டாஸ்மேனியா, நியூசிலாந்தில் வங்கனுயி என்று பரவியது. ஆயரின்கீழ் போனதால் அவர்கள் பள்ளிகள் கெட்டுப்போகவில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். ஏழைப் பிள்ளைகளுக்கு அவர்களும் அதே உழைப்பைக் கொடுத்தார்கள். யார் நிர்வகிப்பது என்பதற்காக மேரி கொடுத்த விலை அளவுக்கு, வகுப்பறையில் வித்தியாசம் தெரிந்ததா? இந்த நிகழ்வு அதற்குத் தெளிவான பதில் தருவதாக எனக்குத் தோன்றவில்லை. ஆயர் மாறினால் பள்ளியின் போக்கு மாறும் ஆபத்து ஒரு கிளைக்கு இருந்தது, இன்னொன்றுக்குக் குறைவாக இருந்தது. அவ்வளவுதான் உறுதியாகச் சொல்லலாம்.

அடிலெய்டிலும் ஆபத்து தீரவில்லை. 1883-இல் அங்கிருந்தும் வெளியேற வேண்டிவந்து மேரி சிட்னிக்கு மாறினார். 1885-இல் தலைமைப் பதவியும் போனது. 1888-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் சபைக்கு இறுதி ஒப்புதல் தந்தபோது தலைவி வேறொருவர். 1899-இல் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1909 ஆகஸ்ட் 8 அன்று வடக்குச் சிட்னியில் இறக்கும்வரை தலைவியாக இருந்தார். புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் 1995-இல், புனிதர் பட்டம் 2010 அக்டோபர் 17-இல்.

மூன்று கழிப்பறைகள்

மானியம் இல்லாத நிலை மற்றக் குடியேற்றங்களுக்கும் பரவியது. விக்டோரியா 1872 சட்டத்தாலும், நியூ சவுத் வேல்ஸ் 1880 சட்டத்தாலும் மதப் பள்ளிகளுக்கான உதவியை நிறுத்தின. கத்தோலிக்கர்கள் வரியும் கட்டினார்கள், தனியாகப் பள்ளியும் நடத்தினார்கள். அது ஓடியதற்கு ஒரே காரணம் சகோதரிகளுக்குச் சம்பளம் இல்லை என்பதுதான். ஒரு நாட்டின் பள்ளி அமைப்பில் பெரும்பகுதி, பெண்களின் ஊதியமில்லாத உழைப்பின்மேல் 80 ஆண்டு நின்றது. மரபைக் கொண்டாடும் மேடைகளில் இந்த வாக்கியம் அதிகம் கேட்பதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலி, போலந்து, மால்ட்டா என்று கத்தோலிக்கக் குடியேறிகள் வந்து குவிந்தார்கள். ஒரு சகோதரி, ஒரு கரும்பலகை, அறுபது எழுபது பிள்ளைகள் என்றானது. கோல்பர்ன் நகரில் இரக்கத்தின் சகோதரிகள் நடத்திய தொடக்கப்பள்ளிக்கு, கூடுதலாக மூன்று கழிப்பறை கட்டினால்தான் ஆயிற்று என்று அரசுத் தரப்பு நெருக்கியது. அதற்குக் காசு இல்லை. கேட்டது நியாயம்தான், பிள்ளைகளுக்குக் கழிப்பறை வேண்டும். காசு இல்லை என்பதும் உண்மைதான்.

1962 ஜூலையில் ஊர்க் கத்தோலிக்கர் கூடி முடிவெடுத்தார்கள். ஆறு கத்தோலிக்கப் பள்ளிகளையும் மூடிவிட்டு, சுமார் 2,000 பிள்ளைகளை அரசுப் பள்ளி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எங்கள் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளி, சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 600-க்குச் சற்று மேற்பட்டவர்களுக்குத்தான் இடம் கிடைத்தது. ஒரே வாரத்தில் எல்லாரும் பழைய பள்ளிக்குத் திரும்பிவிட்டார்கள், ஆனால் நாடு முழுக்கப் பேச்சு கிளம்பிவிட்டது. 1963 தேர்தலில் பிரதமர் மென்சிஸ், அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டிலும் அறிவியல் கூடங்களுக்கு ஆண்டுக்கு 50 லட்சம் பவுண்டு என்று வாக்குறுதி தந்தார். 1973-இல் அரசு அமைத்த கார்மெல் குழுவின் அறிக்கை தேவைக்கேற்ற உதவி என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. 1981-இல் நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம், ஆறு நீதிபதிகளுக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில், அந்த உதவி அரசியல் சாசனத்துக்கு முரணில்லை என்றது.

கோல்பர்ன் பெனோலாவின் நேர் வாரிசு இல்லை, நடத்தியது வேறு சபை. ஆனால் பெனோலாவின் பொருளாதாரம் எங்கே போய் முட்டியது என்பதை இது காட்டுகிறது. பிச்சை எடுத்தும் சம்பளம் வாங்காமலும் பள்ளி நடத்தலாம். எழுபது பேர் வகுப்புக்கும் கழிப்பறைக்கும் அது காணாது. அரசுப் பணம் வந்த அதே காலத்தில் சகோதரிகளின் எண்ணிக்கை சரியத் தொடங்கியது. சம்பளம் வாங்கும் பொதுநிலை ஆசிரியர்கள் வந்தார்கள். வகுப்பு சிறிதானது, கட்டடம் நன்றானது. இன்று இந்தப் பள்ளிகளின் அன்றாடச் செலவில் பெரும்பகுதி அரசுகளிடமிருந்து வருகிறது, மீதி பெற்றோர் கட்டணம்.

இன்றைய பள்ளியில்

சரி, அந்த விதிகள் இப்போது எங்கே இருக்கின்றன?

கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான மறைமாவட்டங்களில், காசு இல்லாத காரணத்தால் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதில்லை என்ற கொள்கை எழுத்தில் இருக்கிறது. குறைந்த வருமானத்தாருக்கு அரசு தரும் ஹெல்த் கேர் கார்டு வைத்திருக்கும் குடும்பங்களுக்குத் தள்ளுபடி தரும் இடங்களும் உண்டு. பெனோலா விதியின் நேர் வாரிசு இதுதான். ஆனால் தள்ளுபடியைக் கேட்டு வாங்க வேண்டும். படிவம் வேண்டும், வருமானச் சான்று வேண்டும், அலுவலகக் கண்ணாடிச் சன்னலில், பின்னால் வரிசையில் இன்னொரு பிள்ளையின் அம்மா நிற்கும்போது, மெல்லிய குரலில் கேட்க வேண்டும். பலர் கேட்பதே இல்லை, வாசலோடு திரும்பி அரசுப் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். ஏழைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் பள்ளிகளைவிட்டு விலகிப்போவதை நியூ சவுத் வேல்ஸ் ஆயர்களே 2007 மேய்ப்புப்பணி மடலில் கவலையோடு குறிப்பிட்டார்கள். 1867-இல் சகோதரிகள் காசு கேட்டு வீடு வீடாகப் போனார்கள். இப்போது சலுகை கேட்டுப் பெற்றோர் அலுவலகத்துக்கு வருகிறார்கள். சில தலைமையாசிரியர்கள் இதைப் புரிந்துகொண்டு, சேர்க்கை நேர்காணலில் கட்டணப் பேச்சைத் தாங்களே எடுத்து, தள்ளுபடியையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். சுவர்ச் சொற்களைவிட இந்த ஒரு வழக்கம் பெனோலாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்கு அட்டைப்பெட்டி உண்டியல் எடுத்துப்போகும். கத்தோலிக்க உதவி அமைப்பான காரித்தாஸ் ஆஸ்திரேலியாவுக்காக. நல்ல காரியம், பிள்ளைகளும் சில்லறையைக் குலுக்கிக் குலுக்கிப் பார்ப்பார்கள். ஆனால் தூரத்து ஏழைக்குக் கொடுப்பதும் பக்கத்து ஏழைக்கு இடம் விடுவதும் ஒன்றில்லை. பெனோலாவின் கேள்வி இரண்டாவது.

சேர்க்கைக் கொள்கை இன்னொரு முடிச்சு. திருமுழுக்குச் சான்றிதழ், பங்குத்தந்தையின் கையெழுத்து, அப்புறம் முன்னுரிமை வரிசை: பங்கிலுள்ள கத்தோலிக்கர், ஏற்கெனவே படிக்கிறவரின் உடன்பிறப்பு, பிற கத்தோலிக்கர், பிற கிறிஸ்தவர், பிற சமயத்தார். ஒரு பங்குச் சமூகம் தன் பிள்ளைகளுக்காகக் கட்டிய பள்ளி என்பதால் அது புரிந்துகொள்ளக்கூடியது. வேறு சமயப் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பில் உட்காருவார்கள், திருப்பலியில் நற்கருணை வரிசையில் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு வந்து ஆசீர் மட்டும் வாங்கிப்போவார்கள். மூன்றாம் நான்காம் வகுப்பு வாக்கில் வகுப்புத் தோழர்கள் ஒப்புரவுக்கும் (பாவ அறிக்கை) புதுநன்மைக்கும் (முதன்முதலாக நற்கருணை பெறுவது) தயாராகும்போது மட்டும் அவர்களுக்கு நடுவில் ஒரு கோடு தெரியும். அதை ஆசிரியர் எப்படிக் கையாள்கிறார் என்பதைப் பொறுத்தே அந்தப் பிள்ளைக்குப் பள்ளி சொந்தமாகவோ அயலாகவோ படும்.

பாதுகாப்பு விஷயத்தில் மரபு தலைகுனிந்துதான் நிற்க வேண்டியிருக்கிறது. நிறுவனங்களில் நடந்த சிறார் பாலியல் வன்முறையை விசாரிக்க 2013-இல் அமைந்த ராயல் ஆணையம் 2017 டிசம்பரில் இறுதி அறிக்கை தந்தது. 1950 முதல் 2010 வரை ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய கத்தோலிக்கக் குருக்களில் 7 விழுக்காட்டினர்மேல் சிறார் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு இருந்தது என்று அதன் ஆய்வு காட்டியது. 1870-இல் சகோதரிகள் துணிந்து சொன்னார்கள் என்று கபுண்டாவை எடுத்துக்காட்டிப் பெருமைப்படப் பலருக்கு ஆசை. எனக்கு அதில் உடன்பாடில்லை. கபுண்டாவில் குரு வேறு நாட்டுக்கு அனுப்பப்பட்டார், காவல்துறைக்குப் போகவில்லை. ஆணையம் ஆயிரக்கணக்கான பக்கங்களில் விவரித்த பழக்கத்தின் சாயல் அதிலேயே இருக்கிறது. சகோதரிகள் சொன்னது பெரிய காரியம். கேட்டவர்கள் செய்தது பழைய காரியம்.

ஆணையத்துக்குப் பிறகு, 2019-இல், சிறார் பாதுகாப்புக்கான 10 தேசியக் கோட்பாடுகள் வந்தன. பிள்ளைகளோடு பணிசெய்பவருக்கான அரசுச் சரிபார்ப்பு, கட்டாயப் புகாரளிப்பு, ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பிள்ளைகளுக்குப் புரிகிற மொழியில் 'யாரிடம் சொல்லலாம்' என்ற சுவரொட்டி. இதெல்லாம் அரசு கட்டாயம், எங்கள் விழுமியத்தோடு சம்பந்தமில்லை என்று தனிக் கோப்பில் வைக்கும் பள்ளிகளும் உண்டு. அந்தச் சுவரொட்டியை மக்கிலப் படத்துக்கு நேர் கீழே ஒட்டிவைப்பதுதான் பொருத்தம்.

இந்த மரபில் வந்த பள்ளி ஒன்றை மதிப்பிட வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் மூன்று தாள்களைக் கேட்பேன். முதலாவது கட்டணக் கொள்கை. அதில் தள்ளுபடியைப் பற்றி எத்தனையாவது பத்தியில் எழுதியிருக்கிறார்கள், பேச்சைத் தொடங்குவது யார் என்று பார்ப்பேன். இரண்டாவது சேர்க்கைக் கொள்கை. கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்கும், ஆண்டின் நடுவில் வந்து சேரும் அகதிக் குடும்பத்துப் பிள்ளைக்கும் அதில் என்ன வழி என்று பார்ப்பேன். மூன்றாவது புகார் நடைமுறை. பெரும்பாலும் அதில் படிகள் தெளிவாக இருக்கும்: வகுப்பாசிரியர், பிறகு தலைமையாசிரியர், பிறகு மறைமாவட்டக் கல்வி அலுவலகம். புகார் தலைமையாசிரியர்மேலோ பங்குத்தந்தைமேலோ இருந்தால் யாரிடம் போவது, அந்த மேலிடம் புகாருக்கு உள்ளானவருக்கு எவ்வளவு நெருக்கம் என்பதைத்தான் முதலில் தேடிப் படிப்பேன்.